மசபியேல் பாறையில் ஒரு வட்டார வழக்கு



பயணம் பற்றிப் பேசப் பணித்தீர்கள். பிரான்சின் தென்மேற்கே, பிரனே மலையடிவாரத்திலுள்ள லூர்து நகருக்குச் சென்று வந்ததைச் சொல்கிறேன். நான் கிறித்தவள் அல்லேன். எனினும் புதுவையை அடுத்த வில்லியனூரில் அவ்வன்னையின் பெயரால் அமைந்த கோயிலைப் பலமுறை கண்டிருக்கிறேன். பாரிசில் வாழும் என் சித்தி மகள்தான், மூலத்தலத்தையும் காண வேண்டுமென்று அழைத்துச் சென்றாள்.

கடைவீதி நம் திருத்தலக் கடைவீதிகளுக்குச் சற்றும் சளைத்ததன்று. அன்னையின் வடிவிலேயே நெகிழிக் குப்பிகள்! அதைக் கடந்தால் ஆறு. ஆற்றோரம் மசபியேல் குகை. சக்கர நாற்காலிகளில் நோயாளர் வரிசை. கைகள் தடவித் தடவி வழவழப்பான பாறை. மேலே பளிங்குச் சிலை. அதனடியில் பொறித்திருந்த எழுத்துகளைப் படித்துச் சொல்லக் கேட்டேன். பிரெஞ்சு நன்கறிந்த தங்கை தயங்கினாள். "இது பிரெஞ்சு இல்லையே அக்கா" என்றாள்.

உண்மைதான். அது அவ்வட்டாரத்து ஆக்சிதான் வழக்கு. 1858 பிப்ரவரி 11 அன்று விறகு பொறுக்கச் சென்ற 14 வயதுப் பெர்னதெத்துக்கு அது ஒன்றே தெரியும். நொடித்துப்போன ஆலைக்காரர் மகள், பழைய சிறைக்கூடத்தின் ஓரறையில் குடியிருப்பு, எழுத்தறியாதவள். தான் கண்டதை 'அது' என்றே சுட்டினாள். நம் இலக்கணத்தில் திணைவழு. ஆயினும் அவ்விடத்தில் அதனினும் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் காட்சியில் 'அது' பேசிற்று: அவள் வழக்கிலேயே, அவளை மதிப்புப் பன்மையில் விளித்து. மார்ச் 25இல் தன் பெயரையும் சொல்லிற்று. 'அமலோற்பவம் நானே' என்னும் பொருள்பட்ட அத்தொடர் அவளுக்கு விளங்கவில்லை. மறந்துவிடாதிருக்க, பங்குக்குரு இல்லம்வரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே சென்றாள். அச்சொற்களே கல்லில் நிற்கின்றன. 1864இல் நிறுவிய சிலையைத் தான் கண்டதன் சாயலாக அவள் ஏற்கவில்லை. சொற்கள் மட்டும் பிசகவில்லை.

அங்கு நின்றபோது எனக்கு நினைவில் வந்தவள் என் முதலாண்டு மாணவி ஒருத்தி. செஞ்சிப் பக்கத்துச் சிற்றூரினள். தன் பாட்டியைப் பற்றி ஊர்ப்பேச்சிலேயே கவிதை எழுதிக் கொணர்ந்தாள். முனைவர் பட்டம் பெற்ற நான் சிவப்பு மையால் வரிக்கு வரி 'கொச்சை' என்று எழுதி, "நீ முதலில் தமிழ் படி" என்றேன். அதன்பின் அவள் எதையும் காட்டியதில்லை.

அன்றிரவு மெழுகுதிரிப் பவனியில் பன்மொழிகளிலும் மன்றாட்டு ஒலித்தது. என் காதில் அது சரியாக விழவில்லை.

ஊர் திரும்பியதும் அவளை அழைத்து அக்கவிதையைக் கேட்டேன். "கிழிச்சுப் போட்டுட்டேம்மா" என்றாள். மீண்டும் எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். பன்மையில் அழைத்தது அவளுக்கு வியப்பாயிருந்தது போலும், தலையசைத்துச் சென்றாள். இதுவரை தரவில்லை.