ஓர் அறையில் இருவர்



தொழிலின் பொருட்டோ கல்வியின் பொருட்டோ கொழும்புக்கு வரும் நம்மவர் பலருக்கு முதலில் வாய்ப்பது வீடன்று. ஒரு வீட்டின் அறை. அதுவும் பெரும்பாலும் இன்னொருவருடன் பகிர்ந்துகொள்ளும் அறை. இரண்டு கட்டில்களை இட்டு, ஓர் அலுமாரியை நிறுத்திவிட்டால் அறை ஒழுங்காகிவிட்டது என்றே நாம் எண்ணுகின்றோம். அஃது அவ்வளவு எளிதன்று என்பதை என் இளமைக் காலத்தில், வெள்ளவத்தையில், நான் கற்றுக்கொண்டேன்.

காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒரு வீட்டின் பின்னறை அது. நீளம் 12 அடி. அகலம் 10 அடி. என்னுடன் ஒரே பாடசாலையிற் படித்த நண்பர் ஒருவரும் நானும் வாடகையைச் சரிபாதியாகக் கொடுத்தோம். ஆகவே அறையையும் சரிபாதியாகப் பிரித்தோம். யன்னற் பக்கம் அவருக்கு. கதவுப் பக்கம் எனக்கு. இதனினும் நியாயமான பங்கீடு உண்டோ என்று இருவரும் மகிழ்ந்தோம்.

நண்பருக்கு இரவுக் கடமை. விடியற்காலை ஐந்து மணிக்கு வருவார். என் தலைமாட்டிலிருந்த விளக்கைப் போடாமல் அவர் தம் கட்டிலை அடைய இயலாது. என் உறக்கம் அத்துடன் முடியும். அவர் கண்ணயரும் வேளையில் நான் அலுமாரியைத் திறப்பேன். கடற்காற்றில் துருவேறிய பிணைச்சல்கள் அலறும். நான் அலுவலகம் சென்ற பின்னரோ யன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழும். இரண்டாம் மாதத்தில் எங்கள் பேச்சுக் குறைந்தது. மூன்றாம் மாதத்தில் நின்றது. ஒருநாள் மாலை அவர் தம் பெட்டியை அடுக்கத் தொடங்கினார்.

அதைக் கண்ட வீட்டுக்கார அம்மா, “தம்பிமார், நீங்கள் அறையைப் பங்கிட்டீர்கள், நித்திரையைப் பங்கிடவில்லையே!” என்றார். அன்றே தாம் முன்னின்று எல்லாவற்றையும் இடம் மாற்றுவித்தார்.

நண்பரின் கட்டில் கதவருகே வந்தது. விளக்கின்றியே வந்து படுத்துக்கொள்ளலாம். என் கட்டில் யன்னலருகே சென்றது. விடியல் வெளிச்சமே என்னை எழுப்பிற்று. அகலவாட்டில் இட்ட இரு கட்டில்களும் மும்மூன்று அடியை எடுத்துக்கொள்ள, நடுவில் 6 அடி எஞ்சியது. அங்கே அலுமாரியை, அதன் முதுகு நண்பரின் தலைமாட்டை நோக்க நிறுத்தினோம். அது வெளிச்சத்தை மறைத்தது. பக்கத்தே காற்று வரவும் ஆள் நடக்கவும் வழி இருந்தது. பிணைச்சல்களுக்குச் சிறிது எண்ணெய் விட்டோம். மறுநாள் உடுக்கும் உடையை முதல்நாள் இரவே எடுத்து என் கதிரையில் வைத்துக்கொண்டேன்.

நேயர்களே, அறையை ஒழுங்கு செய்யுமுன் இருவரும் ஒரு மாலைப் பொழுது அமர்ந்து பேசுங்கள். யார் எப்பொழுது உறங்குவார், எப்பொழுது எழுவார், காற்று யாருக்கு வேண்டும், வெளிச்சம் யாருக்கு ஆகாது என்று கேட்டறியுங்கள். வடக்கே தலைவைத்துப் படுக்க ஒருவர் விரும்பாராயின் அதனையும் மதியுங்கள். அதன் பின்னரே அளவு நாடாவை எடுங்கள். நடக்க இரண்டடி வழியேனும் விடுங்கள். அலுமாரியைச் சுவரோடு ஒட்டாதீர்கள். தென்மேற்குப் பருவ மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். இருவருக்கும் மறைப்பிட்ட தனித்தனி விளக்கு இருக்கட்டும். ஒருவருடைய கைத்தொலைபேசியின் மணி மற்றவரை எழுப்பாதிருக்கட்டும்.

இன்னுமொன்று. டெங்கு நுளம்பு பகலிற் கடிப்பது. ஆதலால் பகலில் உறங்குபவருக்கும் நுளம்பு வலை கட்டாயம் வேண்டும். இரவில் உறங்குபவர் காலையில் எழுந்ததும் தம் வலையைச் சுருட்டும் பழக்கத்தில் மற்றவருடையதையும் சுருட்டிவிடலாகாது.

சரிபாதி என்பது வாடகைக்குப் பொருந்தும். உறக்கத்துக்கு அவரவர் தேவையே அளவு. அன்று மாலை பாதி அடுக்கிய பெட்டியை நண்பர் மீண்டும் கட்டிலின் கீழே தள்ளினார். அதன் பின்னர் மூன்று ஆண்டுகள் அது அங்கேயே இருந்தது.