எதிரில் இருப்பவருக்கு இடம்



இன்று ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசுகிறேன். அதில் பந்து கிடையாது, காய் கிடையாது, ஜெயித்தவர் தோற்றவர் கிடையாது. கைப்பேசியிலோ கணினியிலோ எழுதுவது மட்டும்தான். இரண்டு பேரோ ஐந்து பேரோ ஒரு கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் தன் வேடம் என்ன செய்தது, என்ன பேசியது என்று நாலு வரி எழுதுவார். அடுத்தவர் அதைப் படித்துவிட்டுத் தன் வேடத்தின் பதிலை எழுதுவார். இப்படி மாறி மாறி வாரக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் கதை ஓடும். அது எங்கே போய் முடியும் என்பது எழுதுகிற யாருக்கும் தெரியாது. ரோல்பிளே என்று இதற்குப் பெயர். ஆடுகிறவர்கள் சுருக்கமாக ஆர்பி என்பார்கள்.

என் அக்கா மகள் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு மகளிர் விடுதியில் தங்கி, கிண்டிப் பக்கம் வேலைக்குப் போய் வருகிறாள். அவள் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். "நீங்க நாடகம் நாடகம்னு உயிரை விடுவீங்களே சித்தி, இதுவும் நாடகம்தான்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து சில ஆட்டங்களைப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். எந்த வகை நாடகம் என்பதை மட்டும் நான் சேர்த்துச் சொல்கிறேன்: ஸ்பெஷல் நாடகம்.

மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிய விடிய நடக்கும் நாடகம் அது. பெயரில் இருக்கிற 'ஸ்பெஷல்' என்ன என்றால், அதற்கென்று நிலையான குழு கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், பபூன் இன்னோர் ஊர். ஒவ்வொருவரையும் அந்த ஓர் இரவுக்காகத் தனித்தனியாகப் பேசி அழைத்திருப்பார்கள். ஒத்திகை இல்லை, இயக்குநர் இல்லை. முன்பின் சேர்ந்து நடித்திராத இருவர் அன்று மேடையில் வள்ளியும் முருகனுமாக நிற்பார்கள். கதை இருவருக்கும் தெரியும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாட்டுகள் தெரியும். அவர் 1867-இல் பிறந்து 1922-இல் மறைந்தவர். அவருடைய நாடகங்கள்தான் இன்றும் அந்த மேடைகளின் ஆதாரம். ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நடக்கிற தர்க்கம் இருக்கிறதே, நாரதரும் வள்ளியும் மடக்கி மடக்கிப் பேசிக்கொள்வது, அதைப் பெரும்பாலும் அந்த இரவில் நடிகர்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

இணையத்தில் முகம் தெரியாத ஒருவரோடு ஆர்பி ஆடுகிறவரின் நிலைமை இதுவேதான். உலகம் பொது, வேடம் அவரவருடையது, ஒத்திகை இல்லை. அப்படியானால் நல்ல ஆட்டக்காரர் யார்? அழகாக எழுதத் தெரிந்தவரா? கற்பனை வளம் மிக்கவரா? இரண்டும் இருந்தால் நல்லதுதான். ஆனால் இரண்டும் நிறைய இருந்தும் யாரும் கூட ஆட விரும்பாத ஆட்கள் உண்டு. எதிரில் இருப்பவருக்கு இடம் விடத் தெரிந்தவரே நல்ல ஆட்டக்காரர் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு கதையைச் சொல்கிறேன். அக்கா மகளும் அவள் தோழர்களும் 2015 டிசம்பர் வெள்ளத்தை வைத்து ஓர் ஆட்டம் தொடங்கினார்கள். களம் அவள் தங்கியிருக்கிற ஈக்காட்டுத்தாங்கலேதான். அடையாறு கரை மீறி, ஜாபர்கான்பேட்டையும் ஈக்காட்டுத்தாங்கலும் மூழ்கிய அந்த இரவு. மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டுவந்து ஜனங்களை மீட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அவள் எடுத்தது மாடியில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி வேடம். இன்னொருவர் காசிமேட்டு மீனவர். அவர் எழுதிய முதல் வரிகள் இப்படி: "கிழவியைத் தூக்கிப் படகில் உட்கார வைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீதான் என் பிள்ளை என்றாள்."

எழுத்தில் குறையில்லை. ஆனால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. பாட்டி படகில் ஏறுவதும், அழுவதும், பேசுவதும் அக்கா மகள் எழுத வேண்டியவை. மூன்றையும் அவரே எழுதிவிட்டால் அவளுக்கு என்ன மிச்சம்? காட்மோடிங் என்று ஆட்டக்காரர்கள் இதைச் சொல்வார்கள். அடுத்தவர் வேடத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்வது. அந்தத் தோழர் நல்ல பிள்ளை, சொன்னவுடன் புரிந்துகொண்டு மாற்றி எழுதினார்: "படகைப் படிக்கட்டோரம் ஒட்டி நிறுத்திக் கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டினேன். ஆயா, இன்னும் அரை அவர்ல இந்தப் படியும் முங்கிடும், வர்றியா என்று கேட்டேன்." அவ்வளவுதான். அதோடு நிறுத்திவிட்டார்.

அவள் பதில் எழுதினாள்: "மொட்டைமாடியில ரெண்டு ஆடு கட்டிவெச்சிருக்கேன். அதையும் ஏத்திக்கிறதா இருந்தா வரேன்."

என்ன நடந்தது பாருங்கள். அவர் ஒரு கேள்வியை விட்டார். இவள் அதற்குப் பதில் சொல்லும்போதே அவருக்கு ஒரு சிக்கலைக் கொடுத்தாள். படகு சின்னது, ஆடு இரண்டு, பக்கத்து வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வேறு காத்திருக்கிறது. இனி மீனவர் யோசிக்க வேண்டும். அந்த ஆடுகளை வைத்தே ஒரு வாரத்துக்குக் கதை நடந்தது. அதை இருவரில் யாரும் முன்கூட்டி நினைத்திருக்கவில்லை.

இப்படி இடம் விடுவது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் செய்யுளியலில் செய்யுளுக்கு உறுப்புகள் என்று முப்பத்துநான்கைச் சொல்கிறது. அவற்றில் கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம், முன்னம் என்பவையும் உண்டு. யார் பேசுகிறார், யார் கேட்கிறார், எங்கே, எப்போது, எதைச் சொல்லாமல் விட்டார், இந்த இடத்தில் இன்னாரிடம் இன்னார் இதைப் பேசுவது பொருந்துமா என்கிற கேள்விகள். அகப்பாடல்களை எழுதிய புலவர்கள் தங்கள் குரலில் பேசவில்லை. தலைவியாக, தோழியாக, செவிலித்தாயாக நின்று பேசினார்கள்; ஆண் புலவர் பலர் பெண் குரலில் பேசினார்கள். அந்த மரபில் வளர்ந்த நமக்கு ஆர்பி அந்நியமான கலையாக இருக்க நியாயமே இல்லை. ஒரு பதிவை எழுதி அனுப்புவதற்கு முன் இந்த ஆறு கேள்விகளையும் கேட்டுக்கொண்டால் பாதிப் பிழை அங்கேயே நின்றுவிடும். அதிலும் எச்சம்! கேட்பவர் நிரப்பிக்கொள்ள எதையும் விட்டுவைக்காத பாட்டு அகப்பாட்டு ஆகாது. அடுத்தவர் எழுத எதையும் விட்டுவைக்காத பதிவும் அப்படித்தான்.

நல்ல ஆட்டக்காரருக்கு அடுத்து வேண்டியது, தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொள்ளும் ஒழுக்கம். வள்ளி திருமணத்தில் முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாகத் தள்ளாடி வருகிறான். கிழவன் முருகன்தான் என்பது வள்ளியாக நடிக்கும் பெண்ணுக்குத் தெரியும். பந்தலில் பாய் விரித்துப் படுத்திருக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். வள்ளிக்கு மட்டும் தெரியாது. ஒரு நொடி அவள் முகத்தில் 'தெரியும்' என்பது வந்துவிட்டால் நாடகம் போயிற்று. ஆர்பியில் எல்லாருடைய பதிவையும் எல்லாரும் படிக்கிறோம். பாட்டியின் மகன் சைதாப்பேட்டையில் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று வேறொருவர் எழுதியதை மீனவராக ஆடுகிறவர் படித்திருப்பார். ஆனால் படகில் நிற்கும் மீனவருக்கு அது எப்படித் தெரியும்? தன் அறிவு வேறு, வேடத்தின் அறிவு வேறு என்று பிரித்து வைப்பது கடினம். அதைச் செய்கிறவரோடு ஆடும்போதுதான் நாமும் பயமில்லாமல் ஒரு ரகசியத்தைக் கதைக்குள் கொண்டுவர முடியும்.

குரலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காசிமேட்டுக்காரரும் மயிலாப்பூர் மாமியும் கிண்டி எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவரும் ஒரே மாதிரி பேசினால் மூவரும் ஒருவராகவே தெரிவார்கள். பஸ்ஸிலும் கடையிலும் காது கொடுத்துக் கேட்கிறவருக்கு இது தானாக வரும். நீளமாக எழுதினால்தான் நல்ல பதிவு என்று சிலர் நினைக்கிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆட்டைப் பற்றிய பாட்டியின் பதில் இரண்டே வாக்கியம்.

எதிரில் இருப்பவருக்கு இடம் விட வேண்டும் என்பதையே இந்த விளையாட்டின் வரலாறும் சொல்கிறது. 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் மட் என்ற ஆட்டத்தை உருவாக்கினார்கள். படமே இல்லாமல், பலர் ஒரே நேரத்தில் எழுத்தாலேயே நடமாடும் உலகங்கள் அங்கிருந்து பெருகின. அப்படி வந்த ஒன்று லாம்டாமூ. 1990-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பாவெல் கர்ட்டிஸ் தொடங்கியது. அங்கே மிஸ்டர் பங்கிள் என்ற வேடத்தில் உலவிய ஒரு நபர், ஒரு நிரலைப் பயன்படுத்தி, மற்றவர்களின் வேடங்கள் இழிவான செயல்களைச் செய்வதுபோலத் திரையில் எழுத்து வரவைத்தார். அந்த வேடங்களுக்குரியவர்கள் செய்வதறியாமல் தங்கள் திரையில் அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஜூலியன் டிபெல் என்ற பத்திரிகையாளர் 1993-இல் இதைப் பற்றி எழுதினார். பாதிக்கப்பட்ட பெண் ஒருவர் அந்த அனுபவத்தைப் பற்றி எழுதும்போது கண்ணீர் வழிந்ததாக அவரிடம் சொல்லியிருக்கிறார். வெறும் எழுத்துதானே என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கிழவி அழுதாள் என்று கேட்காமல் எழுதியது சின்னப் பிழை. ஆனால் அந்தச் சின்னப் பிழையும் இந்தப் பெரிய குற்றமும் ஒரே வேரில் முளைத்தவை: அடுத்தவருடைய வேடம் அடுத்தவருக்கே உரியது என்பதை மறப்பது.

அதனால்தான் கதைக்கு வெளியே பேசத் தெரிவதும் நல்ல ஆட்டக்காரரின் திறமை. இப்படிப் பேசுவதை ஓஓசி என்பார்கள், பெரும்பாலும் இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள். "இந்தக் காட்சி எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, வேறு பக்கம் திருப்பலாமா?" என்று கேட்பவர் ஆட்டத்தைக் கெடுக்கவில்லை, காப்பாற்றுகிறார். "மீனவர் கோபப்பட்டது கதையில்தான், எனக்கு உங்கள்மேல் வருத்தமில்லை" என்று ஒரு வரி எழுதுவதும் அப்படித்தான். பரீட்சை வருகிறது, பத்து நாள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போவதும் அதே மரியாதை. சொல்லாமல் மறைந்துபோகிறவரால் நாலு பேரின் கதை அந்தரத்தில் நிற்கிறது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை இப்படி ஆடுகிறது என்று தெரிந்தால் கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். நீ யாராக ஆடுகிறாய் என்று கேளுங்கள். சொந்தப் பெயர், பள்ளி, வீட்டு விலாசம், புகைப்படம் எதையும் வேடத்தோடு சேர்க்கக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் கதையை மறைவான இடத்துக்கு இழுத்தாலோ, வீட்டில் சொல்லாதே என்றாலோ, அது விளையாட்டு அல்ல. உடனே உங்களிடம் வந்து சொல்லும் தைரியம் பிள்ளைக்கு இருக்க வேண்டும். அந்தத் தைரியத்தை நீங்கள்தான் கொடுக்க முடியும்.

இப்போது செயற்கை நுண்ணறிவோடும் ஆடுகிறார்கள். எழுதிப் பழக அது உதவும். ஆனால் நீங்கள் பேச்சு முழுவதையும் பிடித்துக்கொண்டாலும் இயந்திரம் சலித்துக்கொண்டு எழுந்துபோகாது. எதிரில் ஒரு மனுஷர் இருக்கிறார், அவருக்கும் இன்று ஆட வேண்டும் என்ற ஆசை இருக்கிறது என்கிற உணர்வு, எழுந்துபோகக்கூடியவரோடு ஆடினால்தான் வளரும்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. நான் பார்த்த ஆட்டங்களில் நிறைய ஆங்கிலத்தில், வேறு நாட்டு மாயப் பள்ளிகளிலும் ஜப்பானியக் கார்ட்டூன் உலகங்களிலும் நடந்தன. அவையும் இருக்கட்டும். ஆனால் தமிழில் எழுதும் வசதி இன்று கைப்பேசியிலேயே இருக்கிறது; நம் ஊர்க் கதைகளை நம் மொழியிலேயே ஆட வேண்டும். 1942 ஏப்ரலில் ஜப்பான் குண்டுக்குப் பயந்து மதராஸே காலியான நாட்கள் இருக்கின்றன. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிராமத்துக்குப் போன வக்கீல் குடும்பமும், போக முடியாமல் ஊரிலேயே தங்கிவிட்ட சமையற்காரரும் வேடங்களாகக் காத்திருக்கிறார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அடித்துப்போன இரவு இருக்கிறது. இவற்றையெல்லாம் கேட்டும் பார்த்தும் வளர்ந்த தாத்தா பாட்டிகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். எழுத முடியாவிட்டால் அவர்கள் சொல்லட்டும், பேரப் பிள்ளைகள் எழுதட்டும். அவர்களையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.