பட்ஜெட்டில் ஒரே ஒரு வரி

(நாக்பூரில் நம் அங்கத்தினர்களின் கல்விக் குழுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் கூடத்தில் ஒரு சமுதாயக் கல்லூரி ஆரம்பிக்கலாம் என்ற யோசனையும் அதற்கான உத்தேச பட்ஜெட்டும் உங்கள் எல்லோருக்கும் வந்திருக்கும். நாலு பக்கம். கம்ப்யூட்டருக்கு ஒரு பக்கம், மேஜை நாற்காலிக்கு அரைப் பக்கம், மின்சாரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் கால் பக்கம். ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு வரி: "ஓய்வு பெற்ற அங்கத்தினர்கள், கௌரவ அடிப்படையில், தேவைப்பட்டால் பகுதி நேர ஆசிரியர்கள்." எதிரே தொகை என்ற இடத்தில் ஒரு சிறு கோடு. நான் இன்று பேசப்போவது அந்த ஒரு வரியைப் பற்றித்தான். முப்பத்தேழு வருஷம் சர்க்கார் உத்தியோகத்தில் கோப்பு பார்த்தவனுக்குக் கோடு போட்ட இடத்தில்தான் கண் போகும்.

முதலில் சமுதாயக் கல்லூரி என்றால் என்ன என்று இரண்டு வார்த்தை. அமெரிக்காவில் இலினாய் மாகாணத்து ஜோலியட் என்ற ஊரில் 1901-ல் தொடங்கிய கல்லூரியை இந்த வகையின் மூத்த பிள்ளை என்பார்கள். நம் தேசத்தில் 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கென்று தனித் திட்டமே கொண்டுவந்தது. பள்ளிப் படிப்போடு நின்றவர்கள், வேலையில் இருந்துகொண்டே படிக்க வேண்டியவர்கள், கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் படிப்பைத் தொடர நினைக்கும் பெண்கள், இவர்களுக்கு அந்த ஊரில் கிடைக்கக்கூடிய வேலைக்கு ஏற்ற படிப்பைக் குறைந்த கட்டணத்தில் தருவது. பாதி வகுப்பறை, பாதி பட்டறை.

ஆகவே பகுதி நேர ஆசிரியர் என்பவர் இந்த மாதிரிக் கல்லூரிக்கு ஒரு குறையே அல்ல. அவர் இல்லாமல் அது நடக்காது. நான் 2014 முதல் ஐந்து வருஷம் ஒரு சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்பு எடுத்தேன். பெயர் வேண்டாம். அங்கே குளிர்சாதனப் பெட்டி, ஏ.ஸி. ரிப்பேர் வகுப்பு எடுத்தவர், சொந்தமாகக் கடை வைத்திருந்த மெக்கானிக். பகலெல்லாம் ஊர் முழுக்க ஏ.ஸி. கழற்றி மாட்டிவிட்டு ஆறரை மணிக்கு வகுப்புக்கு வருவார். கம்ப்ரெஸரைத் தொட்டுப் பார்த்தே என்ன கோளாறு என்று சொல்லுவார். ஏன் என்றும் சொல்லத் தெரியும். நான் பி.எஸ்ஸி. பௌதிகத்தில் தெர்மோடைனமிக்ஸ் படித்தவன். அது எதற்கு உபயோகம் என்று அறுபத்தைந்தாவது வயதில் அவர் வகுப்பின் பின்பெஞ்சில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். அவரை முழுநேர ஆசிரியராக்கியிருந்தால் மூன்றே வருஷத்தில் பழைய பாடம் சொல்பவராகியிருப்பார். கடை இருந்ததால்தான் அவருடைய பாடம் புதிதாக இருந்தது. கேள்வித்தாள் தயாரிக்க மட்டும் அவருக்குத் துணை வேண்டியிருந்தது. அதை நாங்கள் செய்தோம்.

இது ஒரு வகை. இன்னொரு வகையும் உண்டு. வாரம் முழுவதற்கும் வேலை இருக்கிறது, வருஷா வருஷம் இருக்கும் என்றும் தெரியும். ஆனாலும் அதை நாலு துண்டாக்கி நாலு பேருக்குக் கொடுத்து, ஒருவருக்கும் விடுமுறைச் சம்பளமோ பி.எஃப்.போ தராமல் தப்பித்துக்கொள்வது. இதற்கு ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெயர். பல ஊர்களில் இருக்கும் நம் அங்கத்தினர்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கே மகாராஷ்டிரத்தில் 'க்ளாக் அவர்', மராட்டியில் 'தாஸிகா தத்வ'. டில்லியில் வெகு காலம் 'அட்ஹாக்', 120 நாளுக்கு ஒரு உத்தரவு. ஹரியானாவில் 'எக்ஸ்டென்ஷன் லெக்சரர்'. தமிழ்நாட்டில் 'கௌரவ விரிவுரையாளர்'. மத்தியப் பிரதேசத்தில் இன்னும் அழகாக 'அதிதி வித்வான்'. திதி பார்க்காமல் வருகிறவர் அதிதி என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். இந்த அதிதிக்கு வரும் திதியும் தெரியாது, அனுப்பப்படும் திதியும் தெரியாது!

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். ஆசிரியர், தொழில் தகராறு சட்டத்தின்படி 'தொழிலாளி' அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்குக் கிட்டவில்லை. மானியக் குழுவின் 2018 விதிகள், ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்த இடங்களில் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றன. 2019-ல் அதே குழு விருந்தினர் ஆசிரியருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய்க்கு மேற்படாமல் என்று நிர்ணயித்தது. கணக்குப் போட்டால் மாதம் 33 வகுப்பில் உச்சவரம்பு வந்துவிடும். அதற்கு மேல் எடுத்தால் தர்மம். நம்மைப் போன்ற சின்ன ஸ்தாபனங்களை இந்தத் தொகை கட்டுப்படுத்தாது என்பது உண்மையே. ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த தீர்ப்பை அவசியம் படியுங்கள். குஜராத் அரசுப் பொறியியல் கல்லூரிகளில் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் மாதம் 30,000 ரூபாய்க்கு, நிரந்தர ஆசிரியர் செய்யும் அதே வேலையைச் செய்துவந்தார்கள். அந்தப் பதவிக்குரிய குறைந்தபட்ச ஊதிய விகிதத்தைக் கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விழா மேடைகளில் குருவைப் போற்றி ஸ்லோகம் சொன்னால் மட்டும் போதாது என்ற பொருள்பட நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். விழாவுக்கு விழா அந்த ஸ்லோகத்தைச் சொல்கிறவர்கள் நாம்தானே, எனக்குக் கொஞ்சம் உறைத்தது.

இனி என் சொந்த விஷயம். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் சேர்ந்தபோது அங்கே வகுப்புக்கு 250 ரூபாய். எனக்குப் பென்ஷன் வருகிறது, பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள். "எனக்கு எதற்கு? ஆட்டோ செலவுக்கு 150 போதும்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். சேவை செய்கிறோம் என்று மனதுக்குள் ஒரு திருப்தி. மாத பில் கொடுக்க மறந்தும் போவேன். நிர்வாகி என்னைப் பற்றி எல்லோரிடமும் புகழ்ந்து பேசுவார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

2016-ல் பகுதி நேர ஆசிரியர்கள் சேர்ந்து வகுப்புக்கு 400 ரூபாய் கேட்டு மனுக் கொடுத்தார்கள். நிர்வாகி எங்கள் எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டார். சம்பள ரிஜிஸ்டரைத் திறந்து என் பெயர் இருந்த பக்கத்தைக் காட்டி, "இவர் கெஸட்டட் ஆபீஸராக இருந்து ஓய்வு பெற்றவர். இவரே 150-க்கு வருகிறார். உங்களுக்கு 400 எப்படிக் கொடுப்பது?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. என்ன சொல்வதென்றே தெரியவில்லை. மனு அத்தோடு முடிந்தது.

கணக்கும் டாலியும் சொல்லிக்கொடுத்த ஒரு மராட்டிப் பெண் எங்களோடு இருந்தாள். முப்பது வயதுக்குள்தான். மூன்று இடங்களில் வகுப்பு, ஸ்கூட்டியில் ஊரைச் சுற்றுவாள், டிபன் பாக்ஸைத் திறக்க நேரமிராது. அன்று வண்டி நிறுத்துமிடத்தில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "காகா, உங்களுக்குப் பென்ஷன் இருக்கிறது" என்று ஹிந்தியில் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த பருவத்தில் அவளுடைய பாடத்துக்குப் போதிய மாணவர்கள் சேரவில்லை. வகுப்பு ரத்து என்ற செய்தி, பருவம் தொடங்குவதற்கு முதல் நாள் மாலை ஃபோனில் வந்தது. இதை நம்பி வேறொரு கல்லூரியின் மாலை வகுப்பை அவள் வேண்டாமென்று சொல்லியிருந்தாள். கையில் ஒரு கடிதமாவது இருந்தால் பேசியிருக்கலாம். அங்கே எதுவுமே வாய்வார்த்தைதான். பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

அதன்பின் நான் செய்தது, மற்றவர்களுக்குக் கொடுக்கும் முழுத் தொகையையே எனக்கும் எழுதும்படி சொல்லி, வாங்கி, நூலகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டது. ரிஜிஸ்டரில் என் எதிரே 250 என்று வந்தது. அவளுக்கு அது பிரயோஜனப்படவில்லை.

ஆகவே நம் கல்லூரியில் முதல் விதி இதுவாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: வகுப்புக்கு ஒரே விகிதம். ரிடயரான டைரக்டர் ஜெனரலுக்கும் அதே, போன வருஷம் எம்.காம். முடித்த பெண்ணுக்கும் அதே. தர்மம் செய்ய விரும்புகிறவர்கள் வாங்கிக்கொண்டு தனி ரசீதில் தர்மம் செய்யட்டும். இரண்டு கணக்கையும் கலக்கவேண்டாம்.

அந்த விகிதத்தை எப்படி நிர்ணயிப்பது? நான் சேர்ந்த முதல் பருவத்தில் ஒரு நோட்டில் மணிக்கணக்கு எழுதி வைத்தேன். பழைய ஆபீஸ் பழக்கம். வாரம் 4 மணி வீதம் 16 வாரம், 64 மணி வகுப்பு. பாடம் தயார் செய்ய 70 மணி. விடைத்தாள் திருத்த 26. வகுப்பு முடிந்து படியில் நின்று சந்தேகம் கேட்ட பிள்ளைகளோடு 20. கூட்டங்கள் 6. மொத்தம் 186. சம்பளம் 64-க்கு மட்டும். 250 ரூபாய் வாங்கியவருக்கு 16,000 ரூபாய். 186-ஆல் வகுத்தால் மணிக்கு 86 ரூபாய். பௌதிகத்தில் ஒன்று சொல்லுவோம்: தலையில் மூட்டையோடு அசையாமல் நிற்கிறவன் செய்யும் வேலை பூஜ்யம். பரீட்சையில் எழுதினால் முழு மார்க். இதை நாக்பூர் ஸ்டேஷனில் கூலிக்காரரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்!

வெளிநாட்டிலும் இந்த வியாதி உண்டு. அமெரிக்க சமுதாயக் கல்லூரிகளில் பாதிக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் பகுதி நேரத்தவர்கள். கலிஃபோர்னியா 1988-ல் ஒரு சட்டம் போட்டு, போதனையில் 75 சதவீதம் முழுநேர ஆசிரியர்களிடம் இருக்கவேண்டும் என்று இலக்கு வைத்தது. அதைவிட எனக்குப் பிடித்தது கனடாவின் வான்கூவர் கல்லூரி முறை. எல்லோருக்கும் ஒரே சம்பள ஏணி, பாதி நேரம் வேலை செய்தால் அதில் பாதி. குறிப்பிட்ட காலம் பாதிப் பளுவுக்கு மேல் வேலை பார்த்தால் நிரந்தரம். நம் சக்திக்கு அதெல்லாம் எங்கே என்பீர்கள். முழுநேர ஆசிரியர் இருவரை வைத்தால் எவ்வளவு ஆகும் என்று பார்த்து, அதை 186 மாதிரியான உண்மையான மணிக்கணக்கால் வகுத்தாலே ஒரு நியாயமான விகிதம் கிடைக்கும். பொருளாளர் மனது வைத்தால் அரை மணி வேலை.

வகுப்பு தொடங்க ஒரு மாதத்துக்குள் ரத்து செய்தால் பருவச் சம்பளத்தில் கால் பங்கு கொடுக்கவேண்டும். உட்கார ஒரு நாற்காலி, பூட்டு வைத்த அலமாரி, பாடத்திட்டக் கூட்டத்தில் பேச உரிமை, இவற்றுக்குப் பெரிதாகச் செலவில்லை.

நமக்கும் ஒரு கண்டிப்பு வேண்டும். நம்மில் பலருக்கு விஷயம் தெரியும். சொல்லிக்கொடுக்கத் தெரியுமா என்பது வேறு. என் முதல் மாதத்தில் நான் பேசிய ஹிந்தி, ஆபீஸ் ஹிந்தி. வயரிங் படிக்க வந்த பையன்களுக்குப் பாதி புரியவில்லை. மரியாதைக்காகத் தலையாட்டினார்கள். ஒரு மாதம் கழித்துத்தான் ஒரு பையன் துணிந்து சொன்னான். அதனால் பதவி, வயது பார்க்காமல் யாராக இருந்தாலும் ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டிவிட்டுத்தான் சேரவேண்டும். பருவத்துக்கு ஒருமுறை இன்னொரு ஆசிரியர் பின்னால் உட்கார்ந்து கவனிக்கட்டும். பேரனைப் பார்க்க அமெரிக்காவுக்கு மூன்று மாதம் போகிறவர்கள் அந்தப் பருவத்துக்குப் பெயர் கொடுக்கவேண்டாம். சிரிக்கிறீர்கள், நானே அப்படி ஒருமுறை பாதியில் போயிருக்கிறேன். அந்தப் பாடத்தை முடித்துக் கொடுத்தது யார் தெரியுமா? அந்தக் கணக்கு டீச்சர்தான்.

நியமனக் கடிதத்துக்கு ஒரு வரைவு ஒரே பக்கத்தில் எழுதி, செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். பாடம், மணி, தேதிகள், ரத்தானால் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கிறது. விகிதம் எழுதவேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். சாப்பாடு தயாராக இன்னும் முக்கால் மணி ஆகும் என்கிறார்கள். அதற்குள் அந்த இடத்தை நிரப்பிவிடலாம்.