ஊர் விதையும் இவ்வூர்ப் பட்டமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் பேசவும் மொழியின் தொன்மை பேசவும் வல்லார் பலர் இவ்வவையில் உளர். எனக்கு இட்ட பணியோ சிறியதொரு பொருளைப் பற்றியது. விதையிலிருந்து மிளகாய்ச் செடி வளர்ப்பது எங்ஙனம் என்பதே அது. பொருள் சிறிதாயினும், மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் மிளகாய் சேராது கழியும் நாள் ஒன்றேனும் உண்டா? நாள்தோறும் உண்ணும் ஒன்று எங்ஙனம் முளைக்கிறது, எப்போது பூக்கிறது என்று நம் குழந்தைகள் கேட்டால் விடை சொல்ல வேண்டாமா? அதற்காகவே இப்பணியை மகிழ்வுடன் ஏற்றேன்.

முதற்கண் மிளகாயின் வரலாற்றைச் சுருங்கக் கூறுகிறேன். மிளகாய் நம் நாட்டில் தோன்றிய பொருளன்று. அமெரிக்கக் கண்டத்தில், சிறப்பாக மெக்சிகோ நாட்டுப் பகுதியில், பல்லாயிரம் ஆண்டுகளாக அது பயிராகி வந்தது. 1492-இல் கொலம்பசு கடல் கடந்து சென்ற பின்னரே ஐரோப்பியர் அதனை அறிந்தனர். 1510-இல் கோவாவைக் கைக்கொண்ட போர்த்துக்கீசியர் வாயிலாக அது நம் நாட்டு மேலைக் கரையில் வந்து இறங்கிற்று என்பர். இந்தப் பம்பாய்த் தீவுகளும் 1534 முதல் நூறாண்டுக்கு மேலாக அவர்தம் ஆட்சியில் இருந்தவையே.

அதற்கு முன்னர் நம் முன்னோர் காரத்திற்கு மிளகையே நம்பியிருந்தனர். இன்றும் பல குடும்பங்களில் திவசத்தன்று மிளகாயை விலக்கி மிளகு சேர்த்தே சமைப்பதை நாம் அறிவோம். புதிதாக வந்த காய் மிளகைப் போல உறைத்ததால் மிளகாய் என்று பெயரிட்டோம். மராட்டியரும் அவ்வாறே செய்தனர். மிளகு அவர்க்கு மிரி, மிளகாய் மிர்ச்சி. 1960-களின் பிற்பகுதியில் இந்நகரில் தென்னாட்டாரை அயலார் என்று சுட்டிய குரல்கள் எழுந்ததை மூத்தோர் மறந்திரார். அந்நாளிலும் இரு சாரார் அடுக்களையிலும் ஏழு கடல் தாண்டி வந்த இக்காய் அயலாகத் தோன்றவில்லை.

கடல் கடந்து வந்த பயிர் நாட்டுப் பயிராக மாறியது எங்ஙனம்? உழவர்கள் தத்தம் மண்ணின் பருவம் அறிந்து அதனை விதைத்தனர். இராமநாதபுரத்தார் வடகிழக்குப் பருவமழையை நம்பி மானாவாரியாக வளர்க்கும் குண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. கன்னட நாட்டில் சுருங்கிய தோலும் அடர்ந்த செந்நிறமும் கொண்ட பியாடகி மிளகாய் உண்டு. மராட்டிய மாநிலத்தில் நாகபுரியை அடுத்த பிவாப்பூர் மிளகாய் பெயர் பெற்றது. மூலம் ஒன்றாயினும் அவ்வவ்வூர்ப் பருவத்திற்கு இணங்கியே அவை பெயர் பெற்றன.

இங்கேதான் நம்மவர் பெரும்பாலோர் இடறுகின்றனர். ஊரிலிருந்து வரும் உறவினர் சிறு துணியில் மிளகாய் விதையை முடிந்து கொண்டு வந்து தருவர். அத்துடன் 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் பழமொழியும் கூடவே வந்து சேரும். தமிழ்நாட்டிற்கு அப்பழமொழி பொன்னானது. ஆனால் பம்பாயில் ஆடி மாதம் எத்தகையது? இங்கே தென்மேற்குப் பருவமழை சூன் இரண்டாம் வாரத்தில் தொடங்கி அக்டோபர் முற்பகுதியில் விடைபெறுகிறது. ஓராண்டில் பெய்யும் 2,000 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழையில் மிகப் பெரும் பகுதி அந்நான்கு மாதங்களுக்குள்ளேயே கொட்டித் தீர்கிறது. அவற்றுள்ளும் சூலையே மழை மிக்க மாதம். வெயிலின்றி, ஈரம் உலராது, காற்றெல்லாம் நீராக இருக்கும் அந்நாளில் ஊன்றிய மிளகாய் விதை மண்ணுக்குள்ளேயே அழுகும். தப்பி முளைப்பதும் நிலைப்பது அரிது. விதையை ஊரிலிருந்து கொண்டு வரலாம். பட்டத்தைக் கொண்டு வர இயலாது. பட்டத்தை இவ்வூரிடமே கேட்டறிதல் வேண்டும்.

இவ்வூர் கூறும் பட்டம் எது? மழை ஓய்ந்து வெயில் தெளியும் விசயதசமிக் காலமே புதியவர்க்கு உகந்தது. அதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அக்டோபரிலிருந்து கதிரவன் தென்பால் சாய்கிறான். ஆகவே தெற்கு நோக்கிய சன்னலிலும் பலகணியிலும் குளிர்காலம் முழுவதும் வெயில் உள்ளே விழும். மிளகாய்க்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலேனும் தேவை. உங்கள் இல்லத்தில் எவ்விடத்தில் எத்தனை நாழிகை வெயில் தங்குகிறது என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துக் குறித்த பின்னரே தொட்டி வாங்குக.

இனி விதையைப் பற்றி. அடுக்களையிலுள்ள வற்றலை உதிர்த்து விதைப்பாருளர். புது வற்றலாயின் முளைக்கலாம். பழைய வற்றலும், மிகுந்த சூட்டில் உலர்த்திய வற்றலும் ஏமாற்றும். செடியிலேயே நன்கு பழுத்துச் சிவந்த பழத்தைக் கீறி, விதைகளை நிழலில் ஒரு வாரம் உலர்த்திக் கொள்வது நலம். கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதையின் காயிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியை ஒத்திராது என்பதையும் நினைவிற் கொள்க. பூசா சுவாலா, கோவில்பட்டியிலிருந்து வந்த கே-1, கே-2, பெரியகுளத்துப் பி.கே.எம்-1 போன்ற நாட்டு இரகங்களிலிருந்து அடுத்த ஆண்டுக்கு நாமே விதை எடுக்கலாம். நாலு செடி வேண்டுவோர் இருபது விதை ஊன்றுக. விதைத்தவை யாவும் முளைப்பதில்லை. முளைத்தவை யாவும் வளர்வதுமில்லை.

தொட்டிக்கு வெகுதொலைவு செல்ல வேண்டுவதில்லை. தாராவியின் கும்பார்வாடாவில் சௌராட்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக மண்பாண்டம் வனைந்து வருகின்றன. சுட்ட மண்தொட்டியின் சுவர் வழியே மிகை ஈரம் கசிந்து உலரும். காற்றில் ஈரம் மிகுந்த இந்நகரில் அஃது ஒரு பெரும் பேறு. முளைப்பதற்கு அகன்ற தட்டையான சட்டி போதும். பின்னர்ச் செடி ஒன்றுக்குப் பத்து அங்குல வாயுள்ள தொட்டி ஒன்று வேண்டும். அடியில் துளை இன்றியமையாதது. துளையின் மேல் ஓட்டுச்சில் ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் மண் அடைக்காது. செம்மண் ஒரு பங்கு, நன்கு மட்கிய எரு ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு எனக் கலந்து கொள்க. கடற்கரை மணல் அருகிலேயே கிடைக்கிறது என்று அதனைச் சேர்த்தல் கூடாது. அதிலுள்ள உப்பு வேரைக் கெடுக்கும்.

விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து, மறுநாள் அரை அங்குலத்திற்குக் குறைவான ஆழத்தில், விரற்கடை இடைவெளியில் ஊன்றி, மெல்லிய மண்ணால் மூடுக. முளைக்கும் வரை சட்டியின் மேல் வைக்கோலோ பழைய செய்தித்தாளோ மூடியிருக்கலாம். முளை தலைகாட்டிய அன்றே அதனை அகற்றிவிட வேண்டும். 25 முதல் 30 பாகை வெப்பத்தில் ஏழு முதல் பன்னிரண்டு நாள்களுக்குள் முளை தோன்றும். ஐந்தாம் நாளே மண்ணைக் கிளறிப் பார்க்கும் ஆவலை அடக்குதல் வேண்டும்.

இனி நான் கூறப்போவதை, சிறப்பாகத் தாய்மார்கள், மனத்திற் கொள்ள வேண்டுகிறேன். இளநாற்று வாடி மடிவதைக் காட்டிலும் நீர் மிகுந்து மடிவதே பெரிது. காலையில் நிமிர்ந்து நின்ற நாற்று மாலையில் மண்ணை ஒட்டிய இடத்தில் நைந்து சாய்ந்து கிடக்கும். இதனை நாற்றழுகல் என்பர். ஈர மண்ணில் வளரும் பூசணத்தால் விளைவது. வந்த பின் மருந்தில்லை. வராமற் காப்பதே வழி. மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் காலை வேளையில் பூவாளியால் தூவுக. நாற்றுகளை நெருக்கமாக விடாது கலைத்துக் காற்றோட்டம் தருக. அன்பின் மிகுதியால் அடிக்கடி ஊற்றும் நீரே பிள்ளைப்பயிருக்குக் கூற்றாகிறது.

முதலில் தோன்றும் இரண்டு வித்திலைகள் போக, நாலைந்து மெய்யிலைகள் விட்டபின், அதாவது ஏறக்குறைய நாற்பதாம் நாளில், நாற்றைத் தொட்டிக்கு மாற்றலாம். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நாற்றுக்கு வெயிலையும் காற்றையும் சிறிது சிறிதாகப் பழக்குதல் வேண்டும். நடுவது மாலையில். வேரோடு ஒட்டிய தாய்மண் உதிராமல் எடுத்து நடுக. இரண்டு மூன்று நாள் அது துவண்டு நிற்கும். அது கண்டு அஞ்சி, பிடுங்கிப் பார்க்கவும் உரத்தை அள்ளிக் கொட்டவும் முற்படாதீர். நிழல் தந்து, அளவாக நீர் தந்து காத்திருந்தால் புது மண்ணில் வேர் பிடிக்கும். பிறந்த மண் சிறிது வேரோடு இருக்கப் புதிய மண்ணில் ஊன்றும் நாற்றின் நிலை, இவ்வவையில் இருக்கும் நமக்கு விளக்க வேண்டிய ஒன்றன்று.

உரம் பற்றி ஒரு சொல். செம்பூரை அடுத்த டிராம்பேயில் உரத் தொழிற்சாலை இயங்குகிறது. அங்கு விளையும் சுபலா 15:15:15 என்னும் உரம் நாடறிந்தது. எனினும் தொட்டிச் செடிக்கு இருபது நாளுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரமே போதும். தழைச்சத்து மிகுந்தால் செடி பச்சைப்பசேலென்று இலையாகவே மண்டும், பூ வாராது. அரிசி பருப்பு கழுவிய நீரை உப்புச் சேராத நிலையில் ஊற்றலாம். குழாய் நீர் சில மணி நேரமே வரும் நம் வீடுகளில் அது சிக்கனமும் ஆகும்.

நீரின் தூய்மையைப் பற்றி இருப்புப்பாதை ஊழியன் என்ற முறையில் ஒன்று கூற வேண்டியிருக்கிறது. 1940-களில் எழுந்த 'உணவை மிகுதியாக விளைவிப்போம்' என்னும் இயக்கத்தின் வழிவந்த திட்டத்தின்படி, தண்டவாளத்தை அடுத்த வெற்று நிலங்கள் காய்கறி பயிரிட ஊழியர்களுக்கு உரிமத்தில் அளிக்கப்பட்டு வந்தன. நோக்கம் உயர்ந்தது. ஆயினும் பாதையோரப் பயிருக்குச் சாக்கடை நீர் பாய்ச்சப்படுவதாக இந்நகரில் முறையீடுகள் பல எழுந்தன. எந்நீரில் விளைந்தது என்று அறிந்து உண்ண வேண்டுமாயின், நாலு தொட்டியாயினும் நாமே வளர்ப்பதன்றி வேறு எளிய வழியில்லை.

பூச்சிகளைப் பற்றியும் அறிந்திருத்தல் நலம். இலையின் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். இரண்டும் கண்ணுக்கு எளிதிற் புலனாகா. ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சவர்க்காரமும் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளித்தால் தொடக்கத்திலேயே தடுக்கலாம்.

மாடங்கள் உயர்ந்து வரும் இக்காலத்தில், பத்தாம் மாடிக்குத் தேனீ வருமோ என்று ஐயுறுவோர் உண்டு. மிளகாய்ப் பூவில் ஆண் பெண் உறுப்புகள் இரண்டும் ஒருங்கே உள்ளன. காலையில் கிளையை விரலால் மெல்லத் தட்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். சால் வீட்டு வாயிற்படியில் தொட்டி வைத்துப் பழகியவர்கள் அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தபின் செடியே கைவிட வேண்டியதில்லை.

விசயதசமியில் விதைத்தால், விதைத்த நாளிலிருந்து மூன்றரை மாதமளவில், தை பிறந்து சில நாள்களிலேயே முதற் பச்சைக்காய் பறிக்கலாம். சிவந்து பழுக்க இன்னும் ஒரு திங்கள் ஆகும். காரம் விதையில் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். விதையைத் தாங்கும் வெண்ணிறத் தண்டிலேதான் அது மிகுதி. அக்காரம் விலங்குகளை விரட்டும். பறவைகளுக்கோ அது உறைப்பதில்லை. விதையைச் சுமந்து சென்று பரப்புவன அவையே. ஆகவே பழத்திற்கு வலை கட்ட மறவாதீர். சித்திரை வைகாசி வெப்பத்தில் பூ உதிர்ந்தால் மனம் தளர வேண்டாம். மழைக்கு முன் கிளையைக் கழித்து, தொட்டியைச் சாரல் படாத வெளிச்சத்தில் வைத்துக் காத்தால் அதே செடி மறுபடியும் தழைத்துக் காய்க்கும்.

நாலு தொட்டி மிளகாயால் குடும்பச் செலவு பெரிதும் குறைந்துவிடும் என்று நான் கூறேன். இந்நகரில் பிறந்து வளரும் நம் பேரக்குழந்தைகளுக்கு ஊர் என்பது விடுமுறையில் காணும் இடமாகச் சுருங்கி வருகிறது. தை, ஆடி என்னும் சொற்கள் நாட்காட்டியில் மட்டும் தங்கிவிடுமோ என்னும் கவலை இச்சங்கத்தார் பலர்க்கும் உண்டு. விசயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத்து எழுதுவிக்கிறோம். அன்றே அவ்விரலால் பத்து மிளகாய் விதையும் ஊன்றுவியுங்கள். நாற்று, மெய்யிலை, பூவாளி, பட்டம் என்னும் சொற்கள் பாடநூலின்றியே அதன் நாவில் ஏறும். ஊர் மழைக்கும் இவ்வூர் மழைக்கும் உள்ள வேற்றுமையை அது கேட்கும். நாமும் சொல்லக் கற்போம்.

முதலிற் பழுக்கும் நல்ல பழங்கள் இரண்டை உண்ணாது விதைக்கு விடுக. ஒன்று உங்கள் வீட்டிற்கு. மற்றொன்று அடுத்த வீட்டிற்கு. அவ்வீட்டார் எம்மொழி பேசுவோராயினும் மிளகாயை அறியாதவர் அல்லர்.