ஓட்டுப் போடாம திரும்பிப் போகாதீங்க!

(வாக்குச்சாவடி முகவர்கள் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசா படிங்க. வீட்டுல இருக்கற பெரியவங்களுக்கும் வாசிச்சுக் காட்டுங்க.)



இன்னைக்கு நான் எதிர்க்கட்சியைப் பத்திப் பேச வரல. ஒரு பாட்டியைப் பத்திப் பேச வந்திருக்கேன்.

அப்போ எனக்கு 23 வயசு. முதல் தடவையா பூத் ஏஜென்ட்டா உட்கார்ந்திருக்கேன். காலை பதினோரு மணி இருக்கும். ஒரு பாட்டி பூத் சிலிப், வாக்காளர் அட்டை எல்லாம் சரியா எடுத்துக்கிட்டு வந்தாங்க. பட்டியலைப் பார்த்த அலுவலர், "உங்க ஓட்டு விழுந்துடுச்சும்மா" என்றார். பாட்டி விரலைக் காட்டினாங்க. மை இல்ல. "நான் இப்பதானய்யா வர்றேன்" என்றாங்க. பின்னாடி வரிசையில சத்தம். பாட்டி ஒரு நிமிஷம் நின்னாங்க. அப்புறம் ஒண்ணும் பேசாம திரும்பிப் போயிட்டாங்க.

நாலடி தூரத்துல நான் உட்கார்ந்திருந்தேன். என்ன செய்யணும்னு எனக்கும் தெரியல. அவங்க எந்தக் கட்சிக்காரங்க என்பது எனக்குத் தெரியாது. ஆனா அவங்க திரும்பிப் போனதுல எனக்கும் பங்கு இருக்கு. அந்த உறுத்தல் இன்னும் போகல.

அதுக்கு அன்னைக்கே விதி இருந்தது தோழர்களே. தேர்தல் நடத்தை விதிகள் 1961, அதுல 49பி. சினிமாவுல வந்த பிறகு பல பேருக்கு இது தெரியும். உங்க பேர்ல வேற யாரோ ஓட்டுப் போட்டுட்டா, நீங்கதான் அந்த ஆள்னு வாக்குச்சாவடி தலைமை அலுவலரிடம் நிரூபிங்க. அவர் உங்களுக்கு ஒரு வாக்குச்சீட்டு கொடுத்தாகணும். அதுக்குப் பேர் ஆய்வுக்குரிய வாக்கு. மெஷின்ல போட முடியாது. சீட்டுல முத்திரை குத்திக் கொடுத்தா தனி உறையில வைப்பாங்க. உண்மையைச் சொல்லிடறேன், வாக்கு எண்ணும் நாள்ல அதை எண்ண மாட்டாங்க. வழக்கு வந்து நீதிமன்றம் உத்தரவு போட்டாதான் பிரிப்பாங்க. அப்புறம் எதுக்குன்னு கேட்கலாம். 2016-ல ராதாபுரம் தொகுதியில வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. 2021-ல தியாகராய நகர்ல 137 ஓட்டு. இப்ப சொல்லுங்க, ஒரு உறைக்குள்ள இருக்கற சீட்டு சும்மாவா?

ஆனா அந்த உரிமை கூட பட்டியல்ல பேர் இருக்கறவங்களுக்குத்தான். கையில வாக்காளர் அட்டை இருந்தும் பட்டியல்ல பேர் இல்லன்னா ஓட்டு கிடையாது. 2025 நவம்பர்ல ஆரம்பிச்ச சிறப்பு தீவிர திருத்தத்துல, டிசம்பர்ல வந்த வரைவுப் பட்டியல்ல தமிழ்நாட்டுல 97 லட்சத்துக்கும் மேல பேர் விடுபட்டது உங்களுக்கு நினைவிருக்கும். இறந்தவங்க, ஊர் மாறினவங்க, இரட்டைப் பதிவு எல்லாம் அதுல உண்டு. உங்க பேர் இருக்கா இல்லையான்னு நீங்கதான் பார்க்கணும். "போன தடவை போட்டேனே" என்பது சாட்சி ஆகாது. 1950-க்கு போன் பண்ணுங்க, இல்ல தேர்தல் ஆணைய இணையதளத்துல பாருங்க.

புதுசா சேர்க்க படிவம் 6. வீடு மாறினாலோ, பேர், வயசு திருத்தணும்னாலோ படிவம் 8. பதிவு அலுவலர் உங்களுக்கு எதிரா முடிவு எடுத்தா 15 நாளுக்குள்ள கலெக்டரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கேயும் சரியாகலன்னா 30 நாளுக்குள்ள தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். வேட்பு மனு தாக்கலுக்கான கடைசி நாள் முடிஞ்சா ஒரு பேரும் சேர்க்க முடியாது. அதனால கடைசி வாரம் வரைக்கும் தள்ளிப் போடாதீங்க.

அடுத்து, ஓட்டுப் போடற நாள்.

பூத் சிலிப் மட்டும் கொண்டு போனா போதாது, அது அடையாள ஆவணம் இல்ல. நம்ம ஊர்ல நிறைய பேர் ரேஷன் கார்டை எடுத்துக்கிட்டுப் போவாங்க, அதுவும் பட்டியல்ல கிடையாது. வாக்காளர் அட்டை இல்லன்னா ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் கார்டு, பாஸ்போர்ட், போட்டோ ஒட்டின பேங்க் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, இதுல ஒண்ணு போதும்.

வேலைக்குப் போறவங்க கவனிங்க. ஓட்டுப் போடற நாள் சம்பளத்தோட விடுமுறை. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 135பி. கம்பெனி, கடை, பட்டறை எல்லாத்துக்கும் பொருந்தும். தினக்கூலிக்கும் உண்டு. முதலாளி தர்ற சலுகை இல்ல, உங்க உரிமை.

நேரம் முடியும்போது நீங்க வரிசையில நின்னுட்டா, எத்தனை மணி ஆனாலும் ஓட்டுப் போடலாம். வரிசையின் கடைசியில நிக்கறவர்ல இருந்து டோக்கன் கொடுத்துக்கிட்டு வருவாங்க. "டைம் முடிஞ்சுது"ன்னு யாராவது சொன்னா நகராதீங்க.

கண் தெரியாதவங்க, பட்டனை அழுத்த முடியாத நிலையில இருக்கறவங்க, 18 வயசு நிரம்பின ஒருத்தரைத் துணைக்குக் கூட்டிட்டுப் போகலாம். பட்டன் அழுத்தினதும் விவிபேட் கண்ணாடியில 7 வினாடி சீட்டு தெரியும். அதைப் பார்த்துட்டு வெளியே வாங்க.

பணம் பத்தியும் சொல்லணும். கொடுக்கறதும் குற்றம், வாங்கறதும் குற்றம். 2019-ல வேலூர் மக்களவைத் தேர்தலையே பணப் புகார்ல ரத்து பண்ணாங்க. பணம் வாங்காத லட்சக்கணக்கான பேரும் அன்னைக்கு ஓட்டுப் போட முடியல. கற்பூரம் அடிச்சு சத்தியம் வாங்கிட்டுப் போறவங்களைப் பார்த்து யாரும் பயப்பட வேணாம். நீங்க யாருக்குப் போட்டீங்கன்னு நீதிமன்றம் கூட உங்களைச் சொல்லச் சொல்ல முடியாது.

முகவர்களா உட்காரப் போற தோழர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இன்னைக்கு ராத்திரியே உங்க தெருவுல பத்து வீட்டுக்குப் பட்டியலைப் பாருங்க. நமக்குப் போடுவாங்களா, அவங்களுக்குப் போடுவாங்களான்னு பார்க்காதீங்க. ஓட்டை வாதம் பண்ணி ஜெயிக்கலாம். பட்டியல்ல பேர் இல்லாதவரிடம் வாதம் பண்ணி என்ன பிரயோஜனம்?

அந்தப் பாட்டி மாதிரி ஒருத்தர் இந்தத் தடவை உங்க பூத்துக்கும் வரலாம். எழுந்து நின்னு, "அம்மா, இருங்க. உங்களுக்கு உரிமை இருக்கு"ன்னு சொல்லுங்க. அன்னைக்கு நான் சொல்லாம விட்டது அந்த ஒரு வாக்கியம்தான்.



#திரும்பிப்போகாதீங்க #என்வாக்கு_என்உரிமை