நிலத்தில் கிடக்கும் நடுகல்

(உழவர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நிலத்தைச் சமன் செய்யும்போது கற்கள் கிளம்புகின்றன. அவற்றை வரப்போரம் தள்ளுகிறோம். வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாகப் போடுகிறோம். துவைகல்லாகவும் வைத்துக் கொள்கிறோம். அதற்கு முன் கல்லைப் புரட்டிப் பாருங்கள் என்று கேட்டுக் கொள்ளவே வந்துள்ளேன்.

ஆண்டிபட்டி வட்டத்தில், வைகையாற்றுப் பகுதியில் உள்ள புலிமான்கோம்பையை நீங்கள் அறிவீர்கள். அங்கே 2006ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். மூன்றிலும் பழைய தமிழி எழுத்துகள் உள்ளன. இவை 2,200 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை எனக் கணித்திருக்கிறார்கள்.

ஒரு கல்லில், 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்' என்று உள்ளது. பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவன், கூடலூரில் நடந்த ஆகோளில் மாண்டான். அவனுக்கு நட்ட கல் இது என்று பொருள் கொள்கின்றனர். ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல். அந்தக் கூடலூர், கம்பத்தை அடுத்த நம் கூடலூராகவே இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

மாட்டுக்காக உயிர் போனது உங்களுக்கு வியப்பாக இராது. இன்றும் இப்பகுதியில் மலைமாடுகளைக் கிடை அமர்த்தி நிலத்துக்கு உரமேற்றுகிறோம். ஆநிரை போனால் அன்று எருவும் பாலும் செல்வமும் ஒருங்கே போயின. அந்தவன் மாடு கவரப் போனவனா, மீட்கப் போனவனா? கல் சொல்லவில்லை. மீட்கப் போனவன் என்று எண்ணவே எனக்கு விருப்பம்.

பசிபிக் பெருங்கடலில் தனித்துக் கிடக்கும் ஈஸ்டர் தீவில் முன்னோருக்காக 900க்கு மேற்பட்ட பெருஞ்சிலைகளைச் செய்தனர். உலகமே போய்ப் பார்க்கிறது. நம் கல்லில் உருவம் ஏதும் இல்லை; கீறிய எழுத்து மட்டுமே. ஆகையால் வெறும் பலகைக்கல் என்று எளிதில் உடைத்து விடுவோம்.

எழுத்து இருப்பதாக ஐயம் தோன்றினால் கல்லை நீரால் மட்டும் கழுவுங்கள். உளி, கம்பித் தூரிகை, சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கீறல் தெளிவாகத் தெரியும். கிடந்த இடத்தை விட்டு நகர்த்தாமல் கிராம நிர்வாக அலுவலருக்குச் சொல்லி அனுப்புங்கள். பக்கத்தில் தாழியோ கற்குவியலோ தென்பட்டால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவ்விடத்தில் மட்டும் உழவை நிறுத்தி வைத்து, மற்ற நிலத்தை உழுது கொள்ளலாம்.