பழைய வெளிச்சம் கொண்டுவரும் சேதி

(சித்திரைப் புத்தாண்டை ஒட்டி எமது சங்கம் ரொம்மனில் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"பிள்ளையளுக்கும் விளங்கிற மாதிரி வானத்தைப் பற்றி ஏதாவது சொல்லுங்கோ" என்று சங்கத்தார் கேட்டார்கள. நான் விஞ்ஞானி இல்லை. வேலை முடிந்து வந்து நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படிக்கிற ஒரு மனுசன். என்னை இந்த விசயத்துக்குள் இழுத்துவிட்டது என்ரை பேத்தி. பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். ஒருநாள் பாதி தமிழிலும் பாதி நோர்வேஜிய மொழியிலுமாகக் கேட்டாள்: "அப்பப்பா, இந்தப் பிரபஞ்சம் தொடங்கேக்கை ஒருத்தரும் பக்கத்திலை நிண்டு பாக்கேல்லையே. பிறகு எப்பிடித் தெரியும்?"

அவளுக்கு உடனே மறுமொழி சொல்ல என்னிடம் தமிழ்ச் சொல் இருக்கவில்லை. தேடிப் படித்துச் சேர்த்த மறுமொழிதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். 1990இல் நான் வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஊரில் சண்டை. ஐயா காலமாகிவிட்டார் என்ற செய்தி கொழும்பிலிருந்து தொலைபேசியில் வந்தது. அதற்கு மூன்று கிழமை கழித்து ஐயாவின் கடிதம் வந்தது. "நான் சுகமாயிருக்கிறன்" என்று எழுதியிருந்தார். கடித உறையில் தபால் முத்திரைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குத்தியிருந்தன. எங்கேயோ நனைந்திருந்தது. யாரோ பிரித்து ஒட்டியும் இருந்தது. கடிதம் ஐயாவின் சுகத்தைச் சொன்னது. உறையோ அது கடந்துவந்த நாட்டின் நிலைமையைச் சொன்னது.

வெளிச்சமும் இப்படியான ஒரு கடிதம்தான். சூரியனிலிருந்து எங்களிடம் வர அதற்கு எட்டு நிமிடம் செல்லும். தூரம் கூடக் கூடச் சேதி பழசு. ஆகவே மிகத் தூரத்தில் மிகப் பிரகாசமான ஒரு விளக்கு இருந்தால், மிகப் பழைய காலத்தைப் பார்க்கலாம். அந்த விளக்குக்குப் பெயர்தான் குவாசர்.

1963இல் மார்ட்டின் சிமித் என்ற வானியலாளர், அமெரிக்காவின் பாலோமர் மலையிலுள்ள 200 அங்குலத் தொலைகாட்டியால் 3சி 273 என்ற பொருளின் நிறமாலையை ஆராய்ந்தார். பார்வைக்கு அது ஒரு சாதாரண நட்சத்திரம் போலத்தான். ஆனால் ஐதரசனுக்குரிய கோடுகள் தங்கள் இடத்தில் நிற்காமல், 16 சதவீதம் சிவப்புப் பக்கமாக நகர்ந்திருந்தன. அப்படியென்றால் அது 200 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிகிறதென்றால், ஒரு முழு நட்சத்திரத் தொகுதியையும் விடப் பிரகாசமாக அது எரியவேண்டும். நடுவே ஒரு பெருங் கருந்துளை. அதைச் சுற்றிச் சுழன்று விழுகிற வாயு சூடேறி வீசுகிற வெளிச்சம் அது.

இனித்தான் முக்கியமான இடம், பிள்ளைகள் கவனியுங்கோ. குவாசரின் வெளிச்சம் எங்களிடம் வரும் வழியில் வாயு முகில்களுக்கு ஊடாக வருகிறது. ஒவ்வொரு முகிலிலுமுள்ள ஐதரசன் ஒரு குறிப்பிட்ட நிறத்தை மட்டும் உறிஞ்சி எடுத்துவிடும். நிறமாலையில் அந்த இடத்தில் ஒரு கறுப்புக் கோடு விழும். பிரபஞ்சம் விரிந்துகொண்டிருப்பதால், பயணத்தில் வெளிச்சத்தின் அலையும் நீளுகிறது. தூரத்து முகில் போட்ட கோடு கூடுதலாக நகரும். கிட்டத்து முகில் போட்ட கோடு குறைவாக நகரும். ஆகவே கோடுகள் ஒன்றோடொன்று கலவாமல் வரிசையாக நிற்கும். எந்த முத்திரை எந்தத் தபாற்கந்தோரில், எந்தக் காலத்தில் குத்தியது என்று பிரித்துப் படிக்கலாம். ஒரே குவாசரில் இப்படி நூற்றுக்கணக்கான கோடுகள் உண்டு. வானியலாளர் இதைக் காடு என்றே சொல்லுகிறார்கள்.

இந்த முத்திரைகள் என்ன சொல்லுகின்றன? இரண்டு உதாரணம் போதும்.

முதலாவது: ஆதியில் வெளியெங்கும் இருந்த ஐதரசன், வெளிச்சத்தை விழுங்குகிற நிலையில் இருந்திருந்தால், மிகத் தூரத்துக் குவாசரில் தனித்தனிக் கோடுகள் இராது, ஒரு பகுதி முழுவதுமே இருண்டிருக்கும் என்று 1965இல் கன், பீற்றர்சன் என்ற இருவர் எழுதினார்கள். 2001இல் அப்படி இருண்ட குவாசர் கண்டுபிடிக்கப்பட்டது. பெருவெடிப்பிலிருந்து ஏறக்குறைய 100 கோடி ஆண்டுகள் சென்ற காலத்து வெளிச்சம் அது. முதல் நட்சத்திரங்களின் ஒளி அந்த மூட்டத்தைக் கலைத்து முடிக்கும் தறுவாயை எங்களுக்கு அது காட்டியது.

இரண்டாவது எங்கள் பக்கத்துக்காரர் சம்பந்தப்பட்டது. இன்று பிரபஞ்சம் முழுவதும் பெருவெடிப்பின் மிச்சச் சூடு பரவியிருக்கிறது. அது கெல்வின் அளவில் 2.7, அதாவது பூச்சியத்துக்குக் கீழே 270 பாகை. பிரபஞ்சம் விரிந்து ஆறிவந்தது உண்மையானால், முன்னொரு காலத்தில் இது கூடுதலாக இருந்திருக்கவேண்டும். அந்தக் காலத்துக்கு யார் போய் வெப்பமானி வைத்துப் பார்ப்பது? இந்தியாவில் புனே நகரிலுள்ள ஐயூகா என்ற வானியல் நிலையத்தைச் சேர்ந்த ஸ்ரீஆனந்தும் ஐரோப்பிய நண்பர்களும் 2008இல் அந்த வெப்பமானியைக் கண்டார்கள். சிலி நாட்டிலுள்ள 8.2 மீற்றர்த் தொலைகாட்டியால் ஒரு குவாசரைப் பார்த்தார்கள். அதன் வெளிச்சம் ஏறக்குறைய 1,100 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு முகிலைக் கடந்து வந்திருந்தது. அந்த முகிலில் காபனோரொட்சைட்டு இருந்தது. அதன் மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாகச் சுழலுகின்றன என்பது சுற்றியுள்ள சூட்டைப் பொறுத்தது. கோடுகளின் ஆழத்தை அளந்து சூட்டைக் கணித்தார்கள். கணக்குப்படி 9.3 வரவேண்டும். அவர்கள் கண்டது 9.15, கூடக் குறைய 0.7. கணக்கும் அளவும் ஒத்துப்போயின. பெருவெடிப்புக்குப் பிறகு பிரபஞ்சம் ஆறிவந்தது என்பதற்கு இது ஒரு சாட்சி.

இதைத்தான் பேத்திக்குச் சொன்னேன். "பக்கத்திலை ஆள் நிண்டு பாக்கத் தேவையில்லை பிள்ளை. வந்த வழியிலை பட்ட அடையாளங்களைப் படிச்சாலே போதும்."

விளங்கட்டும் என்று ஐயாவின் கடித உறையையும் எடுத்துக் காட்டினேன். கனநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப நீங்கள் எந்த வழியாலை வந்தனீங்கள், அப்பப்பா?"

எனக்குத் திக்கென்றது. 1,100 கோடி ஆண்டுக் கதையை அவளுக்குச் சொல்லிவிட்டேன். என்ரை நாற்பது வருசக் கதையை ஒருநாளும் சொன்னதில்லை. அவளின் அப்பாவுக்கும் சொன்னதில்லை. அன்றிரவு இருந்து சொன்னேன். விட்டுவந்த வீடு, கொழும்பு லொட்ஜ், விமான நிலையங்கள், பின்மார்க்கின் இரண்டு மாத இருட்டு எல்லாம் சொன்னேன். சில இடங்களில் நிறுத்தி நிறுத்தித்தான் சொல்ல முடிந்தது. அவள் எழுந்து போகவில்லை.

இங்கே இருக்கிற என் வயதுக்காரரிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்துப் பேசாமல் இருக்கவேண்டாம். குவாசர்கள் அதிக காலம் எரிவதில்லை. நாங்கள் இன்று பார்க்கிற பல குவாசர்கள் எப்போதோ அணைந்துவிட்டன. அனுப்பிவிட்ட வெளிச்சம் மட்டும்தான் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. இந்தப் புத்தாண்டு விடுமுறையில் ஒரு பின்நேரம் ஒதுக்கி, நீங்கள் வந்த வழியை அவர்களுக்குச் சொல்லுங்கோ.

பிள்ளைகளே, நீங்கள் கேளுங்கோ.